வெயில் ஊரில் குளிர்ந்துபோகும் காயக்காரர்

மலேசியாவின் பகாவில் நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு, விபத்தில் அடிபட்டவருக்கு உடல் குளிர்ந்துபோவது பெரிய ஆபத்து என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அது பனி பெய்யும் நாட்டுக்காரர்களுக்கு வரும் தொல்லை, செம்பனைத் தோட்டத்துக்கும் ரப்பர்க் காட்டுக்கும் நடுவே வியர்த்து வழியும் நமக்கு என்ன குளிர் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவசரப் பிரிவிலும் ஆம்புலன்சிலும் மருத்துவ உதவி அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த நாட்டில் காயக்காரரைக் குளிரவைப்பது வானிலை அன்று. நனைந்த ஆடை, சிமெண்டுத் தரை, சிகிச்சை அறையின் ஏர்கோன், நாமே ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் சலைன் என்ற உப்புநீர் ஆகியவைதாம் என்பது என் கருத்து. அதாவது, இந்தக் குளிரில் பெரும்பகுதி தடுக்கக் கூடியது.

நலமாக இருப்பவரின் உட்புற வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா, தமிழில் உடல் வெப்பத் தாழ்வு, என்று மருத்துவ நூல்கள் வரையறுக்கின்றன. ரத்தம் இழந்துகொண்டிருப்பவருக்கு அந்த அளவுகோல் மிகத் தாராளமானது. காய மருத்துவத்தில் 36 டிகிரிக்குக் கீழே போனதுமே கவலைப்படத் தொடங்க வேண்டும். 34க்கும் 32க்கும் இடைப்பட்டதை நடுத்தரமாகவும், 32க்குக் கீழே போனதைக் கடுமையானதாகவும் கொள்கிறார்கள். அமெரிக்காவில் கடுமையாக அடிபட்ட 71 பேரை ஆராய்ந்து 1987இல் வெளியான ஓர் ஆய்வில், உட்புற வெப்பநிலை 32 டிகிரிக்குக் கீழே போனவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காயம் ஏதுமின்றிக் குளிரில் மட்டும் சிக்கியவர்கள் அதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து மீண்டு வந்திருக்கிறார்கள். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய நீரோடையில் சிக்கிய ஒரு பெண் மருத்துவர், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய பிறகும், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் உயிர் மீண்டார். அவருக்கு ரத்தம் கொட்டும் காயம் இல்லை.

கடுமையாக அடிபட்டவர்தானே அதிகம் குளிர்கிறார், சாவுக்குக் காரணம் காயமா குளிரா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிர்ச்சி ஓரளவுக்கு ரத்த இழப்பின் அடையாளம் என்பது உண்மைதான். ஆனால் அடையாளமாக வந்தது அப்படியே நின்றுவிடுவதில்லை. அடுத்த சுற்று ரத்தப்போக்குக்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

முதலில் வெப்பம் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்கலாம். விடியற்காலை வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளைஞர், மழையில் வழுக்கி, மோட்டார் சைக்கிளோடு லோங்காங் என்ற சாலையோர வடிகாலில் விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. லோங்காங்கில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஆனால் ஓடும் தண்ணீர். முதுகும் இடுப்பும் அதில் நனைந்திருக்க, மேலே மழைக்கோட்டு கிழிந்து கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் தெளிவாகப் பேசினார், பெயர் சொன்னார், வீட்டுக்குத் தெரிவிக்கச் சொன்னார். கையைத் தொட்டபோது குளிர்ச்சி இருந்தது, மழையில் நனைந்தவர் கை குளிராமல் என்ன செய்யும் என்றுதான் தோன்றும். ஆனால் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டபோது அதுவும் குளிர்ந்திருந்தது. கை கால் குளிர்வது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. வயிறும் அக்குளும் குளிர்ந்திருந்தால் அந்தக் காவல் தோற்றுவிட்டது என்று பொருள். வெப்பமானியை எடுக்கும் முன்பே இது தெரிந்துவிடும்.

நம் ஊரில் மழை இரவுகளில் காற்றின் வெப்பம் 23, 24 டிகிரிக்கு இறங்குகிறது. உடலுக்கும் வெளிக்கும் இடையில் 13 டிகிரி வேறுபாடு. காற்று மட்டும் சூழ்ந்திருந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகும் நனைந்த ஆடை வேலையைத் தொடர்கிறது. 70 கிலோ எடையுள்ளவரின் உடல் முழுவதும் 1 டிகிரி குறைய, 60 கிலோ கலோரிக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வெளியேறினால் போதும். ஆடையிலிருந்து 100 மில்லி லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போவதற்கும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே எடுக்கப்படுவதில்லை என்றாலும், மழையில் ஊறிய ஒரு ஜீன்ஸ் காற்சட்டை 100 மில்லியைவிட எவ்வளவு அதிகத் தண்ணீரைச் சுமந்திருக்கிறது என்பதைப் பிழிந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த இளைஞரின் காற்சட்டையைப் பெரிய கத்தரிக்கோலால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வெட்டி எடுத்தோம். ஈரமான ஜீன்ஸ் எளிதில் வெட்டுப்படாது. முறிந்த காலை அசைக்காமல் வெட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல.

நலமாக இருப்பவர் நனைந்தால் நடுங்குவார், நடுக்கத்தில் தசைகள் வெப்பத்தை உண்டாக்கும். ரத்தம் இழந்தவருக்கு இந்த வசதி குறைந்துவிடுகிறது. வெப்பம் என்பது உயிரணுக்கள் ஆக்சிஜனை எரித்துப் பெறுவது. ரத்த ஓட்டம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும், ஆக்சிஜன் குறைந்தால் உலை அணையும். நடுங்க முடிந்தாலும் அதற்கு விலை உண்டு: நடுக்கம் ஆக்சிஜன் தேவையைப் பல மடங்கு உயர்த்துவதால், இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் தசைகளே செலவழித்துவிடும். வலிக்குப் போடும் மருந்தும் மயக்க மருந்தும் நடுக்கத்தை அடக்குகின்றன; மயக்க மருந்து தோலின் ரத்தக் குழாய்களையும் விரியச் செய்து, உள்ளே தேக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. மதுவும் இதே வேலையைச் செய்யும். ஆகவே, அடிபட்டவர் நடுங்குவதை நிறுத்திவிட்டார், அமைதியாகிவிட்டார் என்று உறவினர்கள் ஆறுதல் அடையும் நேரத்தில்தான் எங்களுக்குக் கவலை அதிகமாகும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உறைதல் என்பது பழகிய காரியம். வடிகட்டிய பாலைத் தட்டில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, கொஞ்சம் ஃபார்மிக் அமிலத்தை விட்டுக் கலக்கி வைத்தால் பால் கட்டியாகிவிடும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக்குவார்கள். ரத்தம் இதற்கு நேர்மாறானது. அமிலம் கூடினால் அது உறைய மறுக்கும். குளிர்ந்தால் மேலும் மறுக்கும். ரத்தம் உறைவது ஒரு தொடர் வேலை. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் வந்து ஒட்ட வேண்டும், அவை விழித்துக்கொண்டு மற்றவற்றை அழைக்க வேண்டும், பிறகு நொதிகள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு நார்வலையைப் பின்ன வேண்டும். உடல் வெப்பம் 37இலிருந்து 33 டிகிரிவரை இறங்கும்போது முதலில் கெடுவது தட்டணுக்களின் ஒட்டும் திறன். அதற்கும் கீழே போகும்போது நொதிகளின் வேகமும் குறிப்பிடத்தக்க அளவில் மந்தமாகிறது.

ஆக்சிஜன் கிடைக்காத திசுக்கள் வேறு வழியில் ஆற்றலைப் பெறும்போது லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் கூடியதால் உறைதல் கெடுகிறது. உறைதல் கெட்டதால் ரத்தம் தொடர்ந்து போகிறது. ரத்தம் போவதால் உடல் மேலும் குளிர்கிறது. குளிர்ச்சி, அமிலம், உறையாமை ஆகிய இந்த மூன்றையும் சேர்த்து உயிர்கொல்லி மும்மை என்று காய மருத்துவர்கள் அழைக்கிறார்கள். அண்மைக் காலமாக நான்காவதாகக் கால்சியக் குறைவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ரத்த வங்கியில் வைக்கும் ரத்தம் பையிலேயே உறைந்துவிடாமல் இருக்கச் சிட்ரேட் கலக்கப்படுகிறது. பல பைகளை விரைவாக ஏற்றும்போது அந்தச் சிட்ரேட் நோயாளியின் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறைதலுக்குக் கால்சியம் இன்றியமையாதது, இதயத் துடிப்புக்கும் அப்படியே. சிட்ரேட்டைச் சிதைத்து அகற்ற வேண்டிய கல்லீரலும் குளிர்ந்த உடலில் மெதுவாகவே வேலை செய்யும்.

இங்கே ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளும் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சோதிக்கும் கருவி, அனுப்பப்பட்ட ரத்தத்தை முதலில் 37 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்கும். நோயாளியின் உடலோ 33 டிகிரியில் இருக்கும். தாளில் வரும் எண், அந்த ரத்தம் நலமான உடலின் வெப்பத்தில் எப்படி உறையும் என்பதைச் சொல்கிறதே தவிர, மேசையில் கிடப்பவரின் உடலுக்குள் எப்படி உறைகிறது என்பதைச் சொல்வதில்லை. அறிக்கை சரியாக இருக்கிறது, தையல் போட்ட இடமெல்லாம் கசிகிறது என்ற முரண்பாடு இப்படித்தான் வருகிறது. அந்த நேரத்தில் தாளை நம்புவதா, கசிவை நம்புவதா என்றால் நான் கசிவையே நம்புவேன்.

இதை அறிந்ததால்தான் அறுவை சிகிச்சையின் போக்கே மாறியது. வயிற்றுக்குள் பல இடங்களில் கிழிந்தவரை மணிக்கணக்கில் மேசையில் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்ய முயலாமல், ரத்தப்போக்கை மட்டும் நிறுத்தி, துணிப் பஞ்சுகளை உள்ளே அழுத்தி வைத்து, வயிற்றை முழுமையாக மூடாமலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி, உடலைச் சூடாக்கி, அமிலத்தைச் சரிசெய்து, ஓரிரு நாள் கழித்து மீதி வேலையைச் செய்யும் முறை 1980களிலும் 1990களிலும் உருவானது. திறந்த வயிறும் வெப்பத்தை இழக்கும் பெரிய வாசல் என்பதை நினைத்துப் பார்த்தால், அறுவை மருத்துவர் ஏன் அவசரப்படுகிறார் என்பது விளங்கும்.

உலகம் முழுவதும் விபத்துக் காயச் சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி பிறந்த கதையே ஒரு சிற்றூர்க் கதை. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், தாமே ஓட்டிய சிறு விமானத்தோடு நெப்ராஸ்காவின் வயல்வெளியில் விழுந்தார். மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமடைந்தனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைக் கண்டு மனம் வெதும்பிய அவர் தொடங்கிவைத்த முயற்சியிலிருந்தே இந்தப் பயிற்சி உருவானது. அதில் மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நரம்பு நிலை என்று வரிசையாகப் போய் ஐந்தாவதாக நிற்பது, ஆடையை முழுவதும் அகற்றிப் பார்த்தலும் சுற்றுச்சூழலைக் கட்டுப்படுத்தலும். இந்த ஐந்தாவதில் இருக்கும் இரண்டு பாதிகளில் முதல் பாதியை எல்லோரும் செய்கிறார்கள். மறைவான காயம் தப்பிவிடக்கூடாது என்று ஆடையை வெட்டி, புரட்டி, முதுகைப் பார்க்கிறார்கள். இரண்டாவது பாதி, அதாவது பார்த்து முடித்தவுடன் போர்த்துவது, பல இடங்களில் எக்ஸ்ரே முடியும்வரை, ஸ்கேன் முடியும்வரை, அடுத்தவர் வந்து பார்க்கும்வரை தள்ளிப்போகிறது.

அதற்குள் ஏர்கோன் தன் வேலையைச் செய்துவிடும். சிகிச்சை அறைகளை ஏன் 18, 19 டிகிரியில் வைக்கிறார்கள் என்றால், கவச உடையும் கையுறையும் அணிந்து ஓடியாடும் எங்களுக்கு வியர்க்கிறது என்பதால்தான். உண்மையைச் சொல்வதானால் அந்த அறை எங்கள் வசதிக்காகக் குளிர்விக்கப்படுகிறது. அம்மணமாகப் படுத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை ரிமோட்டை எடுத்து 26இல் வைத்த மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் மூத்த தாதி ஒருவரைப் பார்த்து இளைய மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். அவர், "நீங்க வேர்வையைத் துடைச்சிக்கலாம் டாக்டர், அவரால நடுங்கக்கூட முடியல" என்றார். அதற்குப் பிறகு யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. என் பணிக்காலத்தில் இதைவிடச் செலவில்லாத சிகிச்சையை நான் பார்த்ததில்லை.

அடுத்தது சலைன். அறை வெப்பத்தில், அதாவது 21, 22 டிகிரியில் இருக்கும் உப்புநீர் 1 லிட்டர் உள்ளே போனால், பெரியவர் ஒருவரின் உடல் வெப்பம் ஏறத்தாழ கால் டிகிரி குறையும். நான்கு லிட்டர் என்றால் 1 டிகிரி. ரத்த அழுத்தம் இறங்கியதும் பாட்டில் மேல் பாட்டிலாகத் திறந்துவிடும் பழைய பழக்கம் இப்போது குறைந்துவிட்டது. அது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வது ஒரு காரணம், குளிரவைப்பது இன்னொரு காரணம். சிவப்பணுப் பைகளோ குளிர்பெட்டியில் 4 டிகிரி அளவில் காத்திருப்பவை. அவற்றை வெப்பமூட்டும் கருவியின் குழாய் வழியாகவே ஏற்ற வேண்டும். சலைனை 39 டிகிரியில் வைக்கும் வெப்பப் பெட்டி இருந்தால் பெரும் உதவி. ரத்தப் பையை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது, சுடுநீர் வாளியில் போடுவதும் சரியன்று, சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

வெப்பமானியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. வீடுகளில் இருந்த பழைய பாதரச வெப்பமானியில் கீழே உள்ள கோடு 35. அது காய்ச்சலைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. 35க்குக் கீழே உடல் எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. கோவிட் காலத்தில் கடைவாசல்தோறும் நெற்றிக்கு நேராக நீட்டிய துப்பாக்கி வடிவக் கருவி தோலின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. நனைந்த நெற்றியில் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. காது வெப்பமானியும் குளிர்ந்த காதில் ஏமாற்றும். உணவுக்குழாய், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய இடங்களில் வைக்கும் உணரிதான் உள்ளே நடப்பதைக் காட்டும்.

தோட்ட வீடமைப்பில் மகனோடு வாழ்ந்த எழுபது வயது கடந்த ஒரு பாட்டி, இரவில் குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்தார். மகனுக்கு இரவு வேலை. மருமகள் குழந்தையோடு மாடியில் தூங்கிவிட்டார். விடிந்த பிறகுதான் பார்த்தார்கள். உடுத்தியிருந்த கைலி முழுவதும் ஈரம், அடியில் சிமெண்டுத் தரை. மருமகள் என்னிடம், "ஐயா, காய்ச்சல் ஒண்ணும் இல்ல, உடம்பு சில்லுன்னுதான் இருக்கு. வலியும் அவ்வளவா சொல்லல" என்றார். நல்ல செய்தி என்று நினைத்தே அவர் சொன்னார். டிஜிட்டல் வெப்பமானி எண் காட்டாமல், லோ என்று இரண்டு எழுத்தை மட்டும் காட்டியது. நாடி மெதுவாக ஓடியது, பேச்சு குழறியது, நடுக்கம் இல்லை. இதய மின்வரைபடத்தில், உயர்ந்து இறங்கும் கோட்டின் முடிவில் சிறு திமில் ஒன்று தெரிந்தது. 1953இல் அதை விரிவாக எழுதிய ஜான் ஆஸ்பார்னின் பெயரால் ஆஸ்பார்ன் அலை என்று அதை அழைக்கிறார்கள்.

அந்த நிலையில் நோயாளியைத் தூக்கும் விதமே சிகிச்சையின் ஒரு பகுதி. மிகவும் குளிர்ந்த இதயம் எளிதில் எரிச்சலடையும். கட்டிலிலிருந்து கட்டிலுக்குத் தடாலென்று மாற்றினால் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். நான்கு பேர் சேர்ந்து பலகையோடு தூக்கினோம். ஈரக் கைலியை வெட்டி எடுத்து, துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்தி, வெதுவெதுப்பான காற்றை ஊதும் போர்வையை மார்புக்கும் வயிற்றுக்கும் மேலே போட்டோம். கை கால்களை முதலில் சூடாக்கினால் அங்கே சுருங்கியிருந்த குழாய்கள் திறந்து, ரத்த அழுத்தம் இறங்கி, குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஆகவே நடு உடம்புக்கே முதலிடம். பாட்டி தேறினார், பிறகு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் ஆயிற்று. முதியவர்களுக்குக் கொழுப்பும் தசையும் குறைவு, நடுங்கும் வலுவும் குறைவு. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் இன்னும் எளிதில் குளிர்வார்கள். நம் வீடுகளின் குளியலறைத் தரை அவர்களுக்குப் பனிமலைக்குக் குறைந்ததன்று.

சாலையில் விபத்தைப் பார்த்து ஓடிவரும் நம் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பலமுறை அவர்கள்தாம் உயிரைக் காத்திருக்கிறார்கள். ரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, 999க்கு அழைத்த பிறகு, அடுத்துச் செய்ய வேண்டியது அடிபட்டவரைத் தரையிலிருந்து பிரிப்பது. கழுத்தும் முதுகும் அசையாமல் உருட்ட ஆள் இருந்தால், அடியில் மழைக்கோட்டையோ அட்டைப்பெட்டியையோ விரிக்கலாம். எல்லோரும் மேலே போர்த்துகிறார்கள், கீழே விரிப்பதை மறந்துவிடுகிறார்கள். ஈர ஆடையை அகற்ற முடிந்தால் அகற்றி, காய்ந்த கைலியோ துண்டோ போர்த்தி, அதற்கு மேலே காற்றும் மழையும் புகாத பிளாஸ்டிக் விரிப்பைப் போட வேண்டும். ஈர ஆடைக்கு மேலே நேரடியாகத் தடித்த போர்வையைப் போடுவதால் பெரிய பயன் இல்லை.

கோடாலித் தைலத்தை உள்ளங்காலில் தேய்ப்பது நம்மவர் கைவைத்தியம். தோலில் எரிச்சல் ஏற்படுவதால் சூடு போலத் தோன்றும், உடலுக்குள் ஒரு கலோரியும் சேராது. பழைய தோட்டங்களில் குளிருக்கு ஒரு மூடி பிராந்தியோ சம்சுவோ வாயில் ஊற்றுவார்கள். அது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு இருக்கிற வெப்பத்தையும் விரயமாக்கும். சூடான மைலோ அன்போடு வரும், ஆனால் அறுவை சிகிச்சைக்குப் போகக்கூடியவர் வயிறு காலியாக இருக்க வேண்டும். சுடுநீர் நிரப்பிய போத்தலைத் தோலோடு ஒட்டி வைப்பது இவற்றுள் மிக ஆபத்தானது. ரத்த ஓட்டம் குறைந்த தோல் வெப்பத்தைக் கடத்திவிட முடியாமல் அந்த இடத்திலேயே வெந்துபோகும். நோயாளிக்கோ சுடுகிறது என்று சொல்லும் உணர்வு இருக்காது.

குளிரவைப்பது மூளைக்கு நல்லதாமே என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. இதயம் நின்று மீண்டவர்களை 32 முதல் 34 டிகிரிவரை குளிரவைத்தால் மூளை தப்பும் என்று 2002இல் வெளியான இரண்டு ஆய்வுகள் சொன்னது உண்மை. 2013இலும் 2021இலும் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த நன்மை காணப்படவில்லை. தலையில் அடிபட்டவர்களைக் குளிரவைத்துப் பார்த்த ஆய்வுகளும் 2015இலும் 2018இலும் வெளியாயின. முந்தியதில் குளிரவைக்கப்பட்டவர்களின் நிலை மோசமாகவே இருந்தது, பிந்தியதில் பலன் தெரியவில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது தேவை. ஆனால் கட்டுப்பாட்டோடு, கருவிகளுக்கு நடுவே, ரத்தப்போக்கு இல்லாதவருக்குச் செய்யும் அந்த முயற்சிக்கும், மழையில் நனைந்து ரத்தம் சிந்துபவர் தானாகக் குளிர்ந்துபோவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

முன்பெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டம் வந்தது. கங்காணியின் ஆட்கள் அடிபட்டவரைத் தூக்கிவந்து தோட்டத்து மருந்தகத்தில் போட்டால், டிரெஸ்ஸர் கட்டுப்போட்டு, கம்பளி போர்த்தி, லோரியில் ஏற்றுவார். கருவிகள் ஒன்றும் இல்லாவிட்டாலும் கம்பளி இருந்தது. இன்று பல தோட்டங்களில் அந்த மருந்தகம் இல்லை. லயங்களில் இருந்த நம் குடும்பங்களும் பட்டணத்துக்குப் போய்விட்டன. செம்பனைக் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியருமாக இருக்கிறார்கள். தோட்டத்தின் உட்புறச் செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்கே நேரம் பிடிக்கிறது.

பெரிய அறுவை சிகிச்சை என்றால் பகாவிலிருந்து கோலாப்பிலா வழியாகச் சிரம்பானுக்குப் போக வேண்டும், நடுவில் புக்கிட் புத்துஸ் மேடு இருக்கிறது. அந்தப் பயணத்தில் ஆம்புலன்சின் பின்பகுதி ஏர்கோனை நிறுத்தச் சொல்வது உடன் செல்பவரின் பொறுப்பு. ஓட்டுநர் முன்னால் இருப்பதால் அவருக்குப் பின்னால் உள்ள குளிர் தெரியாது. புறப்படும் முன் வெப்பப் பெட்டியிலிருந்து எடுத்த சலைன் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டு போகலாம், திறந்த தட்டில் வைத்தால் வழியிலேயே ஆறிவிடும். நோயாளியின் தலையை மூட மறக்கக் கூடாது. பரிந்துரைக் கடிதத்தில் ரத்த அழுத்தமும் நாடியும் தவறாமல் இடம்பெறுகின்றன. வெப்பநிலைக்கான கட்டம் பல வேளைகளில் காலியாகவே போகிறது, அல்லது யாரோ வழக்கம்போல 37 என்று எழுதிவிடுகிறார்கள். எந்த இடத்தில் வைத்து அளந்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, எத்தனை லிட்டர் சலைன் போயிற்று, அது சூடாக்கப்பட்டதா என்பதை இரண்டு வரியில் எழுதி, கிளம்பும் முன் தொலைபேசியிலும் சொல்லிவிட்டால், அங்கே இருப்பவர்கள் அறையின் ஏர்கோனைக் குறைத்து, ரத்தம் சூடாக்கும் கருவியையும் காற்றுப் போர்வையையும் ஓடவிட்டு வைத்திருப்பார்கள்.